முன் ஸஃப்பில் உன் முகம்

அன்புள்ள மச்சான் றமீஸ்,

நீ அடங்கியிருக்கும் கபுறடியில் நின்று சொல்லும் ஸலாத்தையே இங்கும் சொல்லித் தொடங்குகிறேன். வழக்கமாக அங்கே துஆ ஓதிவிட்டு வந்துவிடுவேன், ஊர்க்கதை எதுவும் சொல்வதில்லை. இன்றைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை. தக்பீர் கட்டிக் கண்ணைத் தாழ்த்துவதற்குள் முன் ஸஃப்பில், எனக்கு முன் வரிசையில் நின்ற ஒருவனின் முதுகில் நீ சிரித்துக்கொண்டு நின்றாய். உனக்குக் கீழே ஒரு பொரித்த கோழி. அதற்குக் கீழே ஒரு போன் கடையின் பெயர். தொழுகையில் நான் என்ன ஓதினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

நீ மௌத்தான கொஞ்ச நாளிலேயே நம் தெருக் கழகத்துப் பொடியன்மார் உன் பெயரில் ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைத்தார்கள். ஓம், உன் பெயரில்தான். வியர்வை பட்டால் சேட் கெட்டுப்போகும் என்று வாழ்நாளில் ஒரு மட்டையைக்கூடத் தொடாத உனக்கு! போட்டிக்கு ஜேர்சி அடித்தார்கள், முதுகு நிறைய உன் முகத்தோடு. நீ ஜேர்சி போட்ட படம் கிடைக்கவில்லையாம். அதனால் உன் தலையை வெட்டி யாரோ ஒருவனின் கோட்டு, டைக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். கல்முனை வெயிலில் கோட்டுப் போட்ட ஓட்டோக்காரனை நீ எங்காவது கண்டிருக்கிறாயா?

இப்போது ஊரே ஜேர்சிதான் மச்சான். கல்யாண வீட்டுக்கு ஜேர்சி, வங்கிக்கு ஜேர்சி, பெண் பார்க்கப் போகவும் ஜேர்சி. ஊதா, மஞ்சள், பச்சை எல்லாம் ஒன்றாகக் கலந்து, பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். முதுகில் சொந்தப் பெயர், நெஞ்சில் ஒரு சீமெந்துக் கடை. மலிவு என்கிறார்கள். நீயும் மலிவாகத்தானே உடுத்தாய்?

பஸார் நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கிற சேட்டுகளைக் கிளறி ஒன்றை எடுப்பாய். தையல்காரனிடம் இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்வாய். பிறகு ஓட்டோவுக்குள் இருந்து, சவரப் பிளேட்டால் நெஞ்சில் தைத்திருக்கிற கொம்பனிப் பெயரை நூல் நூலாகப் பிரிப்பாய். "சேட்டுக்குக் காசும் குடுத்துட்டு அவன்ட விளம்பரத்தையும் நான் என்னத்துக்கு மச்சான் சுமக்கணும்?" என்று கேட்பாய். கையை முழங்கைக்குக் கீழே அளவாக மடித்துக்கொண்டு நீ ஸ்டாண்டில் இறங்கினால், வெளிநாட்டிலிருந்து வந்தவன்கூட உன்னைத் திரும்பிப் பார்ப்பான்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னைக் குளிப்பாட்டி முடித்துக் கபன் துணியை விரித்தபோது, அதன் ஓரத்தில் நீல மையில் மில்லின் முத்திரை இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. உன் ஓட்டோவிலிருந்து எடுத்து வைத்திருந்த பிளேட்டால் அந்தத் துண்டை நானே வெட்டி எடுத்தேன். உன்னைச் சுத்தமாகத்தான் அனுப்பினோம். அப்படி அனுப்பிய உன்னைத் திரும்பக் கொண்டுவந்து ஒரு பொரித்த கோழிக்கு மேல் ஒட்டிவிட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் தாங்குவது கிடக்கட்டும். உன் உம்மா?

மாமியைப் பற்றி உனக்குத் தெரியும், மீனை வேறு யாரும் தெரிந்தெடுக்க விடமாட்டா. ஒருநாள் காலையில் சந்தைக்குப் போயிருக்கிறா. மீன் வெட்டுகிறவன் உன் ஜேர்சியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். வெட்டுகிறான், கையை நெஞ்சில் துடைக்கிறான், திரும்ப வெட்டுகிறான். துடைத்ததெல்லாம் உன் முகத்தில். மாமி வெறும் பையோடு வீட்டுக்கு வந்தா. அதற்குப் பிறகு வாசல் படலையைத் தாண்டவே இல்லை.

நான் போய்க் கேட்டபோது ஒன்றைத்தான் சொன்னா. "அவன்ட மொகத்தில மீன் ரெத்தம் பூசிரிக்கி மனே. கழட்டி எடுத்துட்டு வா."

சந்தைக்குப் போனேன். "பழைய உடுப்புத்தானே காக்கா, வேலைக்குப் போடுற" என்று அவன் சொன்னான். அவனுக்கு நீ யாரென்றுகூடத் தெரியாது. அந்த இடத்திலேயே என் சேட்டைக் கழற்றிக் கொடுத்து, ஜேர்சியை வாங்கிக்கொண்டு பெனியனோடு பஸார் வழியாக வந்தேன். சிரிக்காதே. இப்போது மீன் இரத்தம் என் சேட்டில் படுகிறது, அதில் யாருடைய முகமும் இல்லை.

உன்னைப் பார்த்துத் தொற்றிய பழக்கத்தில் பிளேட்டை எடுத்து உன் முகத்தைப் பிரிக்கப் பார்த்தேன். பிரிக்க நூல் இல்லை மச்சான். சாயம் துணியோடு ஊறிக் கிடக்கிறது. உன்னைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை, எரிக்கவும் கை வரவில்லை. மாமிதான் அதைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் காயவைத்தா.

கழகத் தலைவன் சஜாதிடம் போய்ச் சத்தம் போட்டேன். இந்த வருசப் போட்டிக்கும் உன் முகத்தோடு ஜேர்சி அடிக்கப் போகிறார்களாம்.

"பாசத்துல செஞ்ச காக்கா. மெச்சுக்குப் போறப்பெல்லாம் ஒரு காசு வாங்காம எங்கள ஏத்திட்டுப் போன மனுசன். அவர மறந்துரக்குடா எண்டுதான்" என்றான். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. அந்த மூச்சிலேயே, "மொகம் இல்லாட்டி அனுசரணையாளர்மாரும் காசு தரமாட்டாங்க காக்கா" என்றும் சொன்னான். சீ என்று வந்துவிட்டது எனக்கு. பாசத்தையும் பொரித்த கோழியையும் இவர்கள் எப்படி ஒரே வாயால் கதைக்கிறார்கள்?

வந்து மாமியிடம் சொன்னேன். அவ எழும்பி உன் அலுமாரியைத் திறந்தா. ஏழைகளுக்குச் சதக்காவாகக் கொடுத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்லியும் இத்தனை நாளும் அவ கொடுக்காமல் வைத்திருந்த உன் சேட்டுகள். ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தா. பிறகு எல்லாவற்றையும் என் மடியில் வைத்தா.

"இதக் குடுத்து அத வாங்கிட்டு வா மனே. அவன ஆரும் போடணுமெண்டா இப்பிடிப் போடட்டும்."

வீடு வீடாகப் போனேன். சிலர் கேலி செய்தார்கள். ஒருவன் என் முன்னால் மாற்றிக்கொண்டு, அதையும் படமெடுத்து உடனே ஸ்டேட்டஸ் வைத்தான், அழுகிற பொம்மைகளோடு. அவன் கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போலிருந்தது. வாங்கி வந்த ஜேர்சிகளை மாமி துவைத்து, முகம் உள்ளே போகும்படி மடித்து, உன் சேட்டுகள் இருந்த தட்டில் அடுக்குகிறா. நேற்று அவ சந்தைக்குப் போய்ப் பாரைமீன் வாங்கி வந்தா. வழியில் யாருடைய முதுகிலும் நீ இல்லையாம்.

இன்றைக்கு ஜும்ஆவில் என் முன்னால் ஒரு வெறும் இளநீல முதுகு. நிம்மதியாகத் தொழுதேன். ஸலாம் கொடுத்து அந்த முதுகு திரும்பினால், சஜாத்! அவன் வீட்டில் இல்லாத நேரம் அவன் உம்மாதான் ஜேர்சியைத் தந்து உன் சேட்டை வாங்கி வைத்திருந்தா. கையை முழங்கைக்குக் கீழே அளவாக மடித்திருந்தான். வெளியே செருப்புத் தேடும்போது பக்கத்தில் வந்து, நெஞ்சிலிருந்த ஊசித் துளைகளைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"இது எந்தக் கொம்பனிட காக்கா? ஒண்டும் எழுதியில்லயே?"

"றமீஸ்ட" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் செருப்புத் தேடினான். செருப்பு அவன் காலடியிலேயே கிடந்தது.

இந்த வருச ஜேர்சி என்னவாகும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் சேட்டுகள் முடிந்துவிட்டன. திரும்பவும் உன் முகத்தை அடித்தார்கள் என்றால் என்னுடையவற்றைக் கொடுப்பேன், அவையும் முடிந்தால் பெனியனோடு திரிவேன். மாமியின் வழியில் நீ யாருடைய விளம்பரமாகவும் நிற்கமாட்டாய், இது என் வாக்கு.

உன் பிளேட்டை இன்னும் பையில் வைத்துக்கொண்டு திரியும்
உன் மாமா மகன்,
ஹனீபா