இடது கால் செருப்பு

என் கண்ணுக்கு,

விடுமுறைக்கு வந்த புதுப் படம், தொடர் எதையும் இந்த வருடம் நான் விடவில்லை. கதை மண்டையில் ஏறினால்தானே! சினிமாவுக்குக் காலடிச் சத்தம் செய்பவளைப் பெற்றவள், காலடியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒரு துப்பறியும் தொடர். திரையில் மூடிய கதவு மட்டும். வெளியே யாரோ வருகிறார்கள். வலது கால் அழுத்தமாக; இடது கால் செருப்பைச் சரக்கென்று இழுத்துக்கொண்டு. எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்பாதான் வருகிறார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேனடி! அவரோ என் பக்கத்திலேயே வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இது என் நடைடி," என்றார்.

முடிவில் பெயர்கள் ஓடும்போதே டிவி தானாக அடுத்த பாகத்துக்குத் தாவப் பார்த்தது. அப்பா ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினார். "செருப்பைத் தட்டுறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று அன்று உன்னைக் கேட்ட அதே மனிதர், உன் பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். இந்த வீட்டில் அந்தப் பெயர் ஒலித்து எவ்வளவு காலமாயிற்று!

அந்த நடையை இத்தனை நாள் எப்படியடி காதில் வைத்திருந்தாய்?

இன்று காலை தன் இடது கால் செருப்பைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "இழுக்குற சத்தம் கொஞ்சம் பிசிறுது. இதை அனுப்பு, சரியா வரும்."

இந்தப் பொட்டலத்தில் இருப்பது அதுதான். வெறுங்காலோடு நடக்கிறார். புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "எதுக்கு? அவதான் கொண்டுவந்து குடுப்பாளே" என்கிறார்.

உன் அம்மா