ஏழு மணி இருபத்துநான்கு நிமிடம்

ஆஸ்டின்
6 ஜூன் 1994

அப்பா,

அம்மா செத்த நாளுக்கும் நீங்கள் ஃபீஸ் போட்டிருக்கிறீர்கள்.

நான் டைப் செய்வதற்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய நேரப் பட்டியலில் பார்த்தேன். மார்ச் ஒன்பது: மார்வெல்லா வழக்கு, சாட்சியைத் தயார் செய்தது, ஏழு மணி நேரம் இருபத்துநான்கு நிமிடம். அன்று மதியம் இரண்டுக்கு அம்மா போனாள். நான் காரில் வந்து சேரும்போது நான்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, "காலையிலேர்ந்து இங்கதான்மா இருக்கேன், கைய விடவே இல்ல" என்றீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான் மூன்று மாதமாகத் தூங்குகிறேன்.

ஒன்று பட்டியல் பொய், இல்லை என்னிடம் சொன்னது பொய். போனில் கேட்டால் குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிடுவீர்கள். எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்த இறால் கம்போ குழம்பு தீர்ந்ததா?

கொரின்


போமாண்ட்
11 ஜூன் 1994

அன்பு மகள் கொரினுக்கு,

கம்போ தீர்ந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

மார்வெல்லா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். புருஷன் எண்ணெய் ரிஃபைனரியில் எரிந்து செத்தான். வந்த நஷ்டஈட்டில் அவள் வக்கீல் பிக்கர்ட், ஒப்பந்தப்படி மூன்றில் ஒன்று எடுக்கவேண்டியவன், பாதியை எடுத்துக்கொண்டான். திருப்பிக் கொடு என்று ஜூரி சொல்லிவிட்டது. இனி என் ஃபீஸையும் அவனே தரவேண்டும். அதற்குத்தான் ஆறாறு நிமிடமாகக் கணக்கெழுதிய அந்தப் பட்டியல்.

இருபத்தாறு வருடமாக வக்கீல்களைக் கூண்டில் ஏற்றி, "இத எப்ப எழுதினீங்க? அன்னிக்கேவா, பெறகா?" என்று கேட்டே பிழைத்தவன் நான். இந்த மார்ச் மாதக் கணக்கு முழுவதையும் ஏப்ரலில்தான் எழுதினேன். கோப்புகளைப் புரட்டி, குத்துமதிப்பாக.

பட்டியலைப் பார்த்தால் என் மேசையும் எதிரே மார்வெல்லாவும் ஞாபகத்துக்கு வருகிறது. உன் அம்மா வெர்னாவை நினைத்தால் ஆஸ்பத்திரி அறை வருகிறது, அவள் விரல் வீக்கம் வருகிறது. இரண்டும் காலை நேரம். எது அந்தக் காலை? சத்தியமாகத் தெரியவில்லை, கொரின்.

பேப்பரில் வந்த வெர்னாவின் மரண அறிவிப்பைப் பிக்கர்ட் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டான். 23-ம் தேதி விசாரணையில் கேட்பான். அந்த ஒரு நாளை வாபஸ் வாங்கினால் மொத்தமும் பொய் என்பான். நானே எத்தனையோ பேரை அப்படிக் கவிழ்த்திருக்கிறேன். அன்று என் அறையில் இருந்ததாக மார்வெல்லா சாட்சி சொல்வாள். கவலைப்படாதே.

உன் அப்பா
லீலண்ட்


ஆஸ்டின்
16 ஜூன் 1994

அப்பா,

உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். கோபப்படவும் வரவில்லை, நம்பவும் வரவில்லை. அதனால் மார்வெல்லாவுக்குப் போன் செய்தேன்.

"பாதிப் பேச்சுல எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போயி நின்னுட்டாரும்மா. வீட்டம்மாவுக்கு எப்படியிருக்குன்னு கேட்டேன். தூங்குறாள்ன்னாரு" என்றாள்.

"அது எட்டாம் தேதியா, ஒன்பதா?"

"அது யாருக்குத் தெரியும்? பஸ்ஸ ஷெட்டுல விட்டுட்டு வந்தேன், அம்புட்டுதான். ஒன்பதுன்னு சொல்லணும்னா சொல்றேன். ஊர்ல ஒரு வக்கீலும் சீந்தாதப்ப அவருதானே எனக்காக நின்னாரு?"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏன் பாப்பா, ஒன்பதுதான்னா, என்னாலயா அவரு அங்க போகாம இருந்துட்டாரு?"

அவளை ஒரு வக்கீல் பணத்துக்கு ஏமாற்றினான். நீங்கள் பொய்ச் சத்தியம் செய்ய வைக்கிறீர்கள், அதுவும் அவள் நன்றியைப் பிடித்துக்கொண்டு. மாட்டினால் பிக்கர்ட் அவளைச் சும்மா விடுவானா? பஸ் வேலை போய்விடும். உங்களுக்கு என்ன போகும்?

நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இனி நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியாததை அவளைத் தெரியும் என்று சொல்ல வைக்காதீர்கள்.

கொரின்


ஆஸ்டின்
22 ஜூன் 1994, புதன்
(ஃபேக்ஸ்)

அப்பா,

தபாலில் இன்றும் ஒன்றும் வரவில்லை. நான் போன் செய்த நான்கு முறையும் உங்கள் செகரட்டரி "அவர் கோர்ட்ல இருக்காரும்மா" என்கிறாள். இன்று உங்களுக்குக் கோர்ட்டில் வழக்கே இல்லை என்று எனக்குத் தெரியாதா?

மார்வெல்லா பேசினாள். நாளை காலை ஒன்பதுக்கு வரச் சொன்னீர்களாம். எட்டுக்கே வந்தால் என்ன சொல்லவேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லித்தருவீர்களாம். சர்ச்சுக்குப் போடுகிற நீல உடை போதுமா என்று என்னிடம் கேட்கிறாள்.

நான் இந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறேன். சாட்சிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டு, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.

கொரின்