மாப்பிள்ளை வரும் ரோட்டுப் படங்கள்

ஜூலை 20, சனி

கச்சான் காற்று. வாசல் கூட்டி முடிப்பதற்குள் மறுபடியும் மணல். கூட்டினேன் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

செய்ய வேண்டியவை: பாய் காயவைப்பது. பெயின்ட், ஜன்னலுக்கு மட்டும். ரிஸ்னாவின் சட்டை, தையல்காரியிடம் ஒரு சத்தம் போடுவது.

மகள் ரிஸ்னாவுக்கு வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கல்யாணம். மாப்பிள்ளை ஸப்ரான், பொத்துவில் பிள்ளை. அங்கே கடலில் பலகை விடுகிற வெள்ளைக்காரர்களை ஓட்டோவில் ஏற்றி இறக்குகிறவர். கல்முனைக்குடிக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து இருக்கப் போகிறார். இங்கே அதுதானே முறை, மாப்பிள்ளைதான் வரவேண்டும். போய்க் கூட்டி வருவது பெண்ணோடு கூடப் பிறந்த காக்கா, தம்பிமார் வேலை. ரிஸ்னாவுக்கு அப்படி யாரும் இல்லை.

அதனால் எங்கட ஆள் பள்ளிவாசலடியில் நின்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. "நானே கூட்டி வருவன். என்ட வேன்ல. வேற ஒருத்தனும் கை வைக்கப்படாது." (எங்கட ஆள் என்றால் என் புருஷன். இனி எ.ஆ. என்றே எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, சீக்கிரம் வலிக்கும்.)

இன்று காலையில் அதைவிட அதிசயம்.

"புள்ள, உன்ட போன சார்ஜ்ல போடு. நாளைக்கு பொத்துவில் மட்டும் போய் ரோட்டப் படம் எடுத்துட்டு வருவம்."

கட்டி வந்த நாளிலிருந்து கடலைக் காட்டி 'பார்' என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. கையைத் தட்டிவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

விடிய வெள்ளாப்பிலேயே வெளிக்கிட்டோம். நான் புது ஹிஜாப். படம் எடுக்கப் போகிறோமே.

ஒலுவில் தாண்டியதும் தென்னைகளுக்கு இடையில் கடல், யாரோ நீலத்தைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. எடுத்தேன்.

"என்னத்த எடுத்த?"

"கடல்."

"கடல என்னத்துக்கு? அது எங்கயும் போகாது. ரோட்ட எடு."

இன்று நான் எடுத்த அழகான காட்சிகள்:

நிந்தவூரில் வேகத்தடை.
அதற்குப் பிறகு இன்னொரு வேகத்தடை.
வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வளைவு.
அக்கரைப்பற்றுச் சந்தி, நான்கு பக்கமும்.
திருக்கோவில் பக்கம் மாடு படுக்கும் இடம் (மாடும் இருந்தது, நல்ல படம்).
கோமாரிப் பாலம், ஏறுகிற பக்கம், இறங்குகிற பக்கம்.
மதகு, மதகு, மதகு.

பாதிப் படத்தில் என் விரல். விரலை எங்கே வைப்பது என்று இந்தப் போன் செய்தவன் சொல்லவில்லை.

நடைவேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹோர்ன் அடித்து, பிறகு ஏசி, பிறகு தாண்டிப் போனது. தம்பிலுவிலுக்கு இந்தப் பக்கம் பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். வேன் டயர் அதன் ஓரத்தில் ஏறிவிட்டது. நெல்லுக்காரன் தடியோடு ஓடி வந்தான்.

"என்ன காக்கா, கண் தெரியாதா?"

"கண் தெரியும் தம்பி. நெல்லுத்தான் தெரியாது" என்று நான் சொன்னேன். நெல்லுக்காரனும் சிரித்துவிட்டான். எ.ஆ. சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காத மனிதர் இல்லை அவர்.

பொத்துவிலில் மாப்பிள்ளை வீட்டில் தேத்தண்ணி. எ.ஆ.வுக்கும் ஊர் பொத்துவில்தான், பிறகு அவர் பிறந்த வீட்டு வளவுக்குப் போனோம். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு அங்கே கிணறு மட்டும்தான். கிணற்றுக் கட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார், நின்றார், அப்படியே நின்றார். "இத எடுக்கவா?" என்று கேட்டேன்.

"இது ரோட்டுல இல்லையே" என்றார்.

ஒன்றும் விளங்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பெயின்ட் முடிந்தது. ஜன்னல் பச்சை. ரிஸ்னாவுக்குப் பிடிக்கவில்லை. வீடு அவள் பெயருக்கு எழுதியாகிவிட்டது, வேண்டுமானால் அவளே மாற்றட்டும். நாங்கள் இருவரும் பின்னறைக்கு.

எ.ஆ. தேத்தண்ணி ஊற்றியது கோப்பைக்கு வெளியே. "கோப்ப உங்களுக்கு என்ன செஞ்சது?" என்றேன்.

பக்கத்து வீட்டு ஜெஸீமாவிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ராத்தா, இது என்ன?"

"மதகு."

"இது?"

"அதுவும் மதகு. அது என் விரல்."

"காக்கா காணி ஏதும் வாங்கப் போறாரா?"

"வாங்கிறண்டா என்ட நகையத்தான் முதல்ல தேடுவாரு. தேடல்ல."

"அப்ப ஊருக்குத் திரும்பப் போறாரோ? வீடும் மகளுக்குப் போயிட்டு. ஆம்புளைக்கு இஞ்ச என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கிணற்றுக் கட்டு ஞாபகம் வந்தது. என் வாப்பா போய்க் கூட்டி வந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டு மனிதர். இப்போது இது எங்கள் வீடும் இல்லை. இந்த வயதில் ஒரு மனிதர் தன் ஊருக்குப் போகிற ரோட்டை மதகு மதகாக எடுக்கிறார் என்றால்?

அஸருக்குப் பிறகு போனில் மாப்பிள்ளையின் மாமாவோடு வாக்குவாதம். எ.ஆ. பகலில்தான் கூட்டி வருவாராம், லுஹர் தொழுத கையோடு. அவர்கள் பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகுதான் என்கிறார்கள். எனக்குக் கேட்கிற மாதிரியே அந்த மனிதர் கத்தினார்:

"மச்சான், கொளுத்துற வெயில்ல மாப்பிள்ளயக் கொண்டு போறதா? மீன் வண்டியா அது?"

எ.ஆ. தோற்றுப்போனார். மஃரிபுக்குப் பிறகு என்று முடிவு. போனை வைத்துவிட்டு வெகுநேரம் வேனைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த வேன்.

ஜூலை 25, வியாழன்

நேரே கேட்டுவிட்டேன். "பொத்துவிலுக்குப் போகப் போறீங்களா?"

"போகத்தானே வேணும். மாப்பிள்ளையக் கூட்ட."

"அது இல்ல. ஒரேயடியா."

என் பக்கம் திரும்பினார். என் காதைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. "உனக்குப் பைத்தியமா? அங்க எனக்கு ஆரு சோறு தருவா?"

நல்ல பதில். சோறுதான் காரணம் என்றாலும் நல்ல பதில்.

அதுக்கு மறுகா, "விரல் விழுந்த படத்தையெல்லாம் திருப்பி எடுக்கணும். பின்னேரம் வெளிக்கிடு" என்றார்.

திருக்கோவில் வரை போனோம். வானம் சிவந்து, கடல் ஈயம் பூசின மாதிரி. என்னைக் கேட்டால் அதுதான் படம். அவர் கேட்டது வளைவு. வரும்போது பாலமுனையில் மஃரிப் பாங்கு சொன்னது. வேனைப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தொழுதுவிட்டு வந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"இஞ்சின் சூடாகிட்டு. வேன் இஞ்ச நிக்கட்டும். பஸ்ல போவம்."

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "கல்யாணம் மகளுக்கா எங்களுக்கா?" என்று கேட்டேன். கையை விடவில்லை.

ஜூலை 26, வெள்ளி

காலையில் பாலமுனைக்குப் போய் வேனைக் கொண்டுவந்தார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனதாம். அதற்குப் பெயர் இஞ்சின் சூடாம். சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒரு குட்டி மருந்துப் போத்தல், கண்ணுக்கு விடுவது. "தூசிக்கு" என்றார். கச்சான் காலம், சரிதானே.

தையல்காரி இன்னும் சட்டை தரவில்லை.

ஜூலை 27, சனி

பகல் சோற்றுக்குப் பிறகு என் போனைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினேன். பின்னறைக் கதவடியில் போய் நின்றேன்.

எ.ஆ. பாயில் படுத்திருந்தார். போன் மூக்கைத் தொடுகிற கிட்டத்தில். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறார். கண்ணை மூடுகிறார். மதரஸாவில் பிள்ளைகள் பாடம் ஒப்புவிப்பது போல வாய் அசைகிறது.

"வேகத்தட. மறுகா பள்ளி. பள்ளி முடிய வலப்பக்கம் வேலி, நேர வா. இதுல புள்ளட விரல். விரல் வந்தா மதகு. மெதுவா."

அடுத்த படம். மறுபடி கண்ணை மூடுகிறார்.

நான் நின்றது வெளிச்சத்தில். மஞ்சள் சட்டை. அந்தச் சட்டையோடு நான் கடற்கரையில் நின்றால் தோணிக்காரன் கூடக் கண்டுகொள்வான்.

"ஆரு, ரிஸ்னாவா?" என்றார்.

"இல்ல, மீன்காரன்" என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் குசினிக்கு வந்தேன். இரவுக்கு வெங்காயம் தேவையில்லை. இருந்தாலும் வெட்டினேன்.

நெல். கோப்பை. பஸ். என் காது. எல்லாம் இப்போது வரிசையாக வந்து நிற்கிறது. 'நெல்லுத்தான் தெரியாது' என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

அஸர் தொழுதுவிட்டு வந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு தெரியுது?"

எ.ஆ. தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு, "வெயில்ல பரவாயில்ல. மங்கினா ஒண்டும் இல்ல. டொக்டர் வேன் ஓட வேணாமெண்டுட்டாரு."

"அப்ப ஓட வேணாம்."

"ஊருக்குச் சொல்லிட்டன் புள்ள."

"வேற ஆள வெப்பம்."

"என்னைய உன்ட வாப்பா வந்துதான் கூட்டி வந்தாரு. ஆள் அனுப்பல்ல." பிறகு, "ரோடு எனக்குப் பாடம். இந்த ஒரு தரம்."

அந்த ஒரு தரத்தில் வேனுக்குள் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மாமா, இரண்டு பெரியவர்கள். கோமாரிக்கு அந்தப் பக்கம் யானை வரும் ரோடு. யானையைப் படத்தில் பாடமாக்க முடியுமா?

ஜூலை 29, திங்கள்

வேன் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டேன். எடுத்தேன். மறுபடியும் போட்டேன். சோறாக்க அரிசி அள்ளிய ரிஸ்னா, "உம்மா, இது என்ன கறியா?" என்றாள். எடுத்து ஆணியிலேயே மாட்டினேன்.

யாரிடம் சொல்வது? மாப்பிள்ளையின் மாமாவிடம் சொன்னால் பொத்துவில் முழுக்கக் கதை. ஜெஸீமாவிடம் சொன்னால் கல்முனை முழுக்கக் கதை. சொல்லாவிட்டால்? இருட்டில் கோமாரிப் பாலம்.

கடைசியில் மாப்பிள்ளைக்கே போன் எடுத்தேன். இங்கே மாமியார் மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் இல்லை. தேத்தண்ணி கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கொடுப்போம். அன்று பொத்துவிலில்கூட நான் அந்தப் பிள்ளையின் செருப்பைத்தான் பார்த்தேன்.

"மகன், நான் ரிஸ்னாட உம்மா."

அந்தப் பக்கம் கதிரை இழுபட்ட சத்தம். எழுந்து நின்றிருப்பார்.

"மாமி... ஆருக்கும் சுகமில்லையா?"

"எல்லாரும் சுகம். மாமாட கண்ணுதான்." சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"அண்டைக்கு வந்தப்ப எங்கட வாசல் கடப்பத் தாண்டி ரெண்டு தரம் போனாரு மாமி. மறந்திட்டாரெண்டு நினச்சன்."

"வேன நீங்க ஓட்டுவீங்களா?"

"மாப்பிள்ள தானே ஓட்டிக்கிட்டு வாறதா? ஆக்கள் சிரிச்சே சாவாங்க."

"சிரிக்கட்டும். நான் பிறந்த நாளையில இருந்து ஊர் என்னப் பாத்துத்தான் சிரிக்குது. ஊருக்கு ஒண்டும் ஆகல்ல."

"மாமா சாவி தருவாரா?"

"தெரியா. நீங்க கேளுங்க. நான் கதச்சதெண்டு மட்டும் சொல்லாதீங்க."

செய்தது சரியா பிழையா தெரியவில்லை. எ.ஆ. சோறு கேட்டார். மீன் முள்ளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். "என்ன புள்ள, நான் குழந்தையா?" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

நேற்று எழுத நேரமில்லை. இன்றைக்கும் பாத்திரம் மலைபோல. காற்று அடங்கியிருக்கிறது.

நேற்று அஸருக்கு எ.ஆ. வெளிச்சத்தோடு தனியாக வெளிக்கிட்டார். போகும்போது என் போனையும் கொண்டுபோனார். இரவு இஷாத் தொழுகையும் முடிந்தது. வாசலில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எனக்கு வாயில் பகிடியே வரவில்லை. ஜெஸீமா, "ராத்தாக்குச் சுகமில்லையா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

பெரிய ரோட்டில் ஹோர்ன் சத்தம். எங்கள் வேன் ஹோர்ன். எல்லாரும் எழும்பினோம். வேன் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கையைத் தாண்டி நேரே போனது.

"மாப்பிள்ள ஓடிட்டான் ராத்தா" என்றாள் ஜெஸீமா.

பாண்டிருப்பு வரை போய்த் திரும்பி வந்தார்கள். வாசலில் வேன் நின்றது. ஸ்டியரிங்கில் மாப்பிள்ளை, வெள்ளை உடுப்பு, தொப்பி, கழுத்தில் பூமாலையோடு. வாசலில் நின்றவர்களின் சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு, கூரைத் தகரம் அதிர்ந்தது. பக்கத்து சீட்டில் எ.ஆ. என் போன் அவர் மூக்கடியில் எரிந்துகொண்டிருந்தது.

பின் சீட்டில் வந்த மாப்பிள்ளையின் மாமா சொன்னது: "பக்கத்துல இருந்தா எனக்கு வாந்தி வரும் மாமா, ஓட்டினாத்தான் வராது" என்று மாப்பிள்ளை எ.ஆ.விடம் சொன்னாராம். எந்நாளும் அந்த ரோட்டில் ஓடுகிற பிள்ளை. எ.ஆ. வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாராம். கதவில் கை வைத்து நின்றாராம். பிறகு சாவியை நீட்டி, "அப்ப நான் சொல்ற மாதிரித்தான் ஓட்டணும்" என்றாராம். வழி முழுக்கப் படம் பார்த்துப் பார்த்துச் சொன்னாராம், வேகத்தடை, பள்ளி, மெதுவா, வலப்பக்கம் கிறுகு. மாப்பிள்ளை ஒரு இடத்திலும் தன் இஷ்டத்துக்கு ஓட்டவில்லையாம்.

"அப்ப ஏன் வீட்டத் தாண்டிப் போன?" என்று யாரோ கேட்டதற்கு மாப்பிள்ளை, "மாமா சொல்லல்ல, நான் கிறுகல்ல" என்றார்.

நிக்காஹ் முடிந்தது. ரிஸ்னா அழுதாள், நான் அழவில்லை, அடுப்புப் புகை.

எல்லாரும் போன பிறகு எ.ஆ. பின்னறையில் வந்து உட்கார்ந்தார். போனை என் மடியில் வைத்தார்.

"எல்லாம் சரியா வந்திச்சி, புள்ள. எங்கட மூலைக்குத்தான் படம் இல்ல."

"நீங்க எடுக்கச் சொல்லல்லையே."

"வீட்டுக்குமா படம் வேணுமெண்டு நினச்சன்."

வேன் சாவி ஆணியில் இல்லை. மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது. எ.ஆ. கேட்கவுமில்லை.

காலையில் வாசல் கூட்டிவிட்டு ஒழுங்கை முனைக்குப் போனேன். பெட்டிக்கடை, லைட் கம்பம், கிறுகுகிற மூலை. எடுத்தேன். விரல் பாதி. மதகு இல்லாத இடத்தில் விரல். திருப்பி எடுக்கப் பார்த்தேன், சார்ஜ் முடிந்துவிட்டது.