லியோனா இருக்கும் மேடு

ஹால்வோர்சன் பண்ணை, சஸ்காச்சுவான்
4 ஏப்ரல் 2018

திருமதி அடலைன் ஓகனீ அவர்களுக்கு,

வணக்கம். என்னை நினைவிருக்கிறதோ என்னவோ. முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் கேட்டருகில் நின்று, "உள்ள விடுங்க. மேட்டுல என் தங்கச்சி இருக்கா, பார்த்துட்டுப் போயிடறேன்" என்றீர்கள். என் கணவர் ஆர்னே, "அங்க மாடுதான் மேயுது, வேற யாரும் இல்ல" என்று அனுப்பிவிட்டார். நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

உங்கள் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துவந்து வைத்திருந்தார்களே, அந்தப் பழைய விடுதிப் பள்ளியில் இறந்தவர்களை அங்கேதான் புதைத்தார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் கல்யாணமாகி வந்த வருஷமே மாமனார் சொல்லியிருந்தார்.

ஜனவரியில் ஆர்னே காலமாகிவிட்டார். பேச ஆளில்லாத வீட்டில் உங்கள் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னை மன்னிக்க முடியுமா?

இப்படிக்கு,
இங்ரிட் ஹால்வோர்சன்


வில்லோ ஏரி ரிசர்வ்
2 மே 2018

திருமதி ஹால்வோர்சன்,

உங்கள் கடிதத்தைத் தம்பி வில்ஃப்ரெடுக்குப் படித்துக் காட்டினேன். "பேச ஆளில்லன்னா ரேடியோ வாங்கிக்கச் சொல்லுக்கா" என்றான். சிரித்துவிட்டேன்.

அந்தப் பள்ளியில் இருந்தபோது தங்கை லியோனாவுக்கு ஏழு வயது, எனக்கு ஒன்பது. ஒரு வாரம் இருமினாள். பிறகு அவள் கட்டில் காலியாக இருந்தது. "எங்க போனா?" என்று எங்கள் தாய்மொழியான கிரீயில் கேட்டதற்கு என் வாயில் சோப்பைத் திணித்தார்கள். வீட்டுக்குச் சேதி சொல்லவே இல்லை. கோடையில் கூட்டிப்போக வந்த அம்மா, இரண்டு பேருக்கும் தோல் செருப்பு தைத்து எடுத்து வந்திருந்தாள்.

மன்னிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் அன்று கேட்டது உள்ளே வரலாமா என்றுதான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அடலைன் ஓகனீ


ஹால்வோர்சன் பண்ணை
11 மார்ச் 2019

அன்புள்ள திருமதி ஓகனீ,

சென்ற அக்டோபரில் நான் கேட்டைத் திறந்துவிட, உங்கள் ஆட்கள் தரைக்குள் பார்க்கும் கருவியோடு வந்து தேடிப் பதினொரு புதைகுழிகளைக் கண்டார்கள் அல்லவா? அதற்குப் பிறகு வழி விடுவது மட்டும் போதுமென்று எனக்குத் தோன்றவில்லை. மேட்டையும் சாலை வரையிலான பாதையையும் அளந்து, உங்கள் சமூகத்தின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திரம் தனியாக வரும். "குத்தகையா குடுங்களேன், நாளைக்கு மனசு மாறினா திருப்பி வாங்கிக்கலாம்" என்றார் வக்கீல். "அவங்க இடத்த அவங்களுக்கே குத்தகைக்கு விடறதா?" என்றேன்.

மகன் லீஃப் ஃபோனில் கத்தினான். "அப்பா போய் வருஷம்தான் ஒண்ணு ஆகுது. தாத்தா நிலத்தத் தூக்கிக் குடுத்திட்டியேம்மா!" அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

ஜூன் பதினைந்தாம் தேதி அங்கே அந்தப் பிள்ளைகளுக்குச் சடங்கு என்று கேள்விப்பட்டேன். ஓரமாக நின்றுகொள்கிறேன். வரலாமா?

உங்கள்,
இங்ரிட்


வில்லோ ஏரி ரிசர்வ்
20 மே 2019

இங்ரிட்,

பத்திரம் வந்தது. வில்ஃப்ரெட் மட்டும், "நிஜமாத்தானா? பின்னாடி திருப்பிப் பாரு, ஏதாவது பொடி எழுத்து இருக்கும்" என்று இரண்டு தரம் பார்க்கச் சொன்னான். ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தீர்கள்.

ஆனால் அன்றைக்கு வராதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. ஓரமாக நின்றாலும் நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழுதால் எங்கள் பெண்களில் யாராவது எழுந்து வந்து உங்கள் தோளைத் தொடுவாள். எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. அன்று ஒரு நாளாவது எங்கள் கைகள் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டும்.

அதற்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத மாட்டேன்.

அடலைன்


ஹால்வோர்சன் பண்ணை
10 ஜூன் 2019

அன்புள்ள அடலைன்,

சரி.

சடங்கு வரும் அந்தச் சனி, ஞாயிறு லீஃப் வீட்டில் இருக்கலாமா என்று நானே கூப்பிட்டுக் கேட்டேன். "இப்ப தோதுப்படாதும்மா" என்றான். ஆகவே வெள்ளிக்கிழமையே நகரத்துக்குப் போய் ஒரு விடுதியில் தங்குகிறேன்.

மேட்டில் தண்ணீர் கிடையாது, கழிப்பறையும் இல்லை. வயதானவர்கள் வருவார்களே. வீட்டைப் பூட்டாமல் போகிறேன். கிணற்று மோட்டார் சுவிட்ச் பின்கதவுக்கு இடப்பக்கம். கொஞ்சம் அழுத்திப் போட வேண்டும். நாற்காலிகளை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். மழை வரும் என்கிறார்கள். வந்தால் எல்லோரும் உள்ளே வந்துவிடுங்கள். சேற்றுக் காலைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை வரை நான் திரும்பமாட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

இங்ரிட்