இடது பக்கத்து ஈரம்

இன்று காலை பட்டறையில் வண்டியின் முன்பக்கக் கால்மிதியைத் தூக்கியபோது உன் வாசனை வந்தது. நனைந்து நனைந்து காய்ந்த துணியும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. மெக்கானிக் இடது பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். ஈசிஎம். எப்போது எவ்வளவு டீசல் என்று இன்ஜினுக்குச் சொல்லும் மூளை அதுதான். அதன் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. "ரொம்ப நாளாத் தண்ணி எறங்கியிருக்கு அண்ணாச்சி. யாரோ தெனமும் ஈரத்தோட இங்கன உக்காந்திருக்காவ" என்றார். மழைத் தண்ணீராக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். சாயந்திரம் உன் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு வண்டி ஏன் நின்றது என்று அவள் கேட்டிருந்தாள்.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சீசன் காலத்தில் என் வேனுக்கு முதல் சவாரி நீதான். சுற்றுலா ஆட்களை ஏற்றப் போகும்முன் இலஞ்சியில் உன்னை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போவேன். மலை பாதிதான் தெரியும். மீதி மேகத்துக்குள் இருக்கும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, சொட்டச் சொட்ட வந்து முன் சீட்டில் ஜமீன்தார் போல உட்காருவாய். துண்டைப் பிழியாமல் டேஷ்போர்டு கைப்பிடியில் தொங்கவிடுவாய். "தொவட்டிட்டு ஏறுலே" என்றால், "அருவித் தண்ணியத் தொடைக்கக் கூடாதுலே. மூலிகை பட்டு வருது, ஒடம்புலயே சுண்டணும்" என்பாய். கண்ணை மூடிக்கொள்வாய். தென்னந்தோப்புகள் பின்னால் போகும். இலஞ்சி வரும்வரை நாம் ஒன்றும் பேசமாட்டோம். எனக்கு அந்த நேரம் பிடிக்கும்.

வண்டி சொல்லாமல் நிற்கவில்லை. முதலில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, இரண்டு நாளில் தானாக அணைந்தது. பிறகு மேட்டில் இழுவை குறைந்தது. டீசல் கூடுதலாகக் குடித்தது. ஒருநாள் செங்கோட்டை ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பட்டறையில் கோளாறு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சென்சாரைக் காட்டியது. ஒன்றை மாற்றியும் பார்த்தோம். "எல்லா சென்சாரும் ஒண்ணுபோலக் கெடாது அண்ணாச்சி. ஈசிஎம்மாத்தான் இருக்கும். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார் மெக்கானிக். சாரல் கொட்டும் மாதத்தில் இங்கே எந்த வேன்காரன் இரண்டு நாள் வண்டியை விடுவான்? சீசன் முடியட்டும் என்றேன்.

அந்தக் காலையில் நீ குளிக்க வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். அன்று ஒருநாள்தான் என் வண்டியில் உன் அருவி ஈரம் படவில்லை. உன் மனைவி பின்சீட்டில் இருந்தாள். தென்காசி ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். வயல்காட்டு ஓரத்தில் இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினேன், திருப்பினேன். உனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதும் சிரித்தாய். "ஏலே, வண்டிக்கும் நெஞ்சு வலிக்குதோ" என்றாய். ஒரு ஆட்டோ வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போவதற்குள் வெகுநேரம் போய்விட்டது. மூன்றாம் நாள் நீ போனாய். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

சாயந்திரம் உன் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். "ஈசிஎம் போயிருந்துச்சும்மா. ரெண்டு மாசமாவே காட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். சீசன் முடியட்டும்னு நாந்தான் தள்ளிப் போட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சுவரைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

"அவுக தெனமும் ஈரத்தோட வந்து ஏறுவாவளே அண்ணாச்சி. அந்தத் தண்ணி எறங்கித்தான் கெட்டிருக்குமோ? வேட்டி மாத்திட்டு ஏறுங்கன்னு நான் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்."

இத்தனை நாளாக அவள் அதை நினைத்துத்தான் தூங்காமல் இருந்திருக்கிறாள்.

"இல்லம்மா. அந்தப் பெட்டி இருக்கது இன்ஜின் பக்கம். அங்கன தண்ணியே போகாது."

நிஜமாகவா என்பது போலப் பார்த்தாள். தலையாட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, காப்பி போட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். என் பங்கை அவளிடம் சொல்லிவிட்டேன். உன் பங்கு என்னிடம் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுக்கமாட்டேன்.