எஸ்தரின் பணி ஆணை

இன்று காலை கூட்ட அறைக் கதவைத் திறந்ததுமே அந்த நெடி மூக்கில் ஏறியது. துணியில் எண்ணெய்க் கறை எடுக்க பனியன் கம்பெனிகளில் அடிப்பார்களே, அந்த ஸ்ப்ரே. துப்புரவு பார்க்கும் அக்கா வெள்ளைப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீருக்குப் போகவில்லை என்று, செக்கிங் பிரிவில் வேலை செய்யும் மகளிடம் சொல்லி ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். இன்டர்வியூவுக்கு ஆட்கள் வரும்போது பலகை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்களாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சார், நீங்கள் அன்று மார்க்கரை மாற்றி எடுத்து அழியாத மையில் வரைந்த இரண்டு வட்டங்களும் கரைந்து நீலமாக வழிந்தன.

ஒரு வட்டம் கணினி. இன்னொன்று அரசாங்கம். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த சின்ன இடத்தில், "இங்கே நிற்கும் ஆள் வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். இயந்திரம் எப்படி முடிவெடுக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்த முடிவால் ஒருவருடைய முதியோர் பென்ஷன் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் நீங்களும் நானும் அத்தனை நாள் அலைந்தோம்.

நம் பல்கலைக்கழகத்தை நடத்தும் குடும்பத்துக்கு, செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் விளம்பரப் பலகையில் வந்தால் போதும். பொதுக் கொள்கையையும் அதோடு சேர்த்தால்தான் வருவேன் என்று பெங்களூரிலிருந்து நிபந்தனை போட்டவர் நீங்கள். கொள்கைப் பக்கத்துக்கு என்னைக் கொண்டுவந்தார்கள். துறையில் நாம் இரண்டே பேர். நீங்கள் காங்கேயத்துக்காரர், நான் நெல்லையிலிருந்து வந்தவள். என் பேச்சு உங்களுக்குச் சண்டை போடுவதுபோல் கேட்கிறது என்பீர்கள். உங்கள் பேச்சு எனக்கு எப்போதும் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

வேலைக்கு விண்ணப்பித்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் நின்றார்கள். கணினி படித்தவர்கள் ரேஷன் கடை வாசலை மிதித்ததில்லை. கொள்கை படித்தவர்கள் நிரல் என்றதும் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்கள். இரண்டும் தெரிந்த சிலரோ பிள்ளைகளுக்கு இங்கே எந்தப் பள்ளி என்று விசாரித்துவிட்டு, ஊர் திரும்பியதும், வேலைக்கு வர முடியாது என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் நீங்கள் நன்றி சொல்லிப் பதில் எழுதியதை எதிர் மேசையிலிருந்து பார்ப்பேன். எனக்கு எரிச்சலாக வரும்.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்தில் தையல் வேலை செய்தவர்கள். அவள் சென்னையில் ஆய்வு முடித்திருந்தாள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னோம். தையல் பிரிவில் மாட்டும் கேமராவைப் பற்றி எடுத்தாள். பெண்கள் மிஷினை விட்டு எழுந்து போகும் நேரத்தை அதன் மென்பொருள் எப்படிக் கணக்கெடுக்கிறது, எது வேலை, எது சும்மா இருப்பது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் யார், அது தவறாகச் சொன்னால் அந்தப் பெண் யாரிடம் முறையிடுவாள். நிதானமாக, படம் போட்டு விளக்கினாள். மாணவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வீடுகளிலிருந்து வந்தவர்கள். வகுப்பில் ஒரு போன்கூட வெளியே வரவில்லை.

கடைசி வரிசையில், பல்கலைக்கழகத்தை நடத்தும் குடும்பத்து அறங்காவலர் இருந்தார். அவர் குடும்பத்து யூனிட்டில் அந்த மாதம்தான் அதே கேமராக்களை மாட்டியிருந்தார்கள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. தேர்வுக் குழுவில் அவர் கோபப்படவில்லை. "நல்லாத்தான் பேசறாங்க. ஆனா நம்மூருக்கு ஒத்து வராதுங்க" என்றார்.

நீங்கள் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "நம்மூரைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவங்க நம்மூருக்கு ஒத்து வரலீன்னா, அப்புறம் எந்த ஊருக்குங்க ஒத்து வருவாங்க?"

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கோப்பு நகரவில்லை. நடுவில் வேறொருவர் பெயரைக் கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூரில் கம்பெனி நடத்துபவர். அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் வந்து பேராசிரியராக உட்காருவார். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் ஆராய்ச்சிக்கான அறையை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கூட்டங்களுக்கு உங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நீங்கள் மட்டும் வாரம் தவறாமல் மாடியேறிப் போய், எஸ்தர் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு வந்தீர்கள்.

ஒரு மதியம் கேன்டீனில் தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்தீர்கள். கணையத்தில் கட்டி, பரவிவிட்டது என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள், "இந்த மாசத்துக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஆர்டர் வாங்கிரோணும் மேடம். அப்புறம் கேக்கறக்கு ஆள் இருக்காது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனீர்கள். உங்களுக்கு என்ன சிகிச்சை என்றுகூட அன்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்க விடவில்லை.

கடைசியாக அறங்காவலரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துத்தான் மாடி ஏறினீர்கள். சட்டைக்குள் ஆளே இல்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். உங்களை உட்கார வைத்தார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோப்பைத் தானே எடுத்துக் கையெழுத்துப் போட்டார், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு. இறங்கி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மேல் பரிதாபப்பட்டுத்தான் போட்டார் என்றேன். "பரிதாபமா இருந்தாலும் இருக்கட்டுமுங்க. ஆர்டர் ஆர்டர்தானுங்க" என்றீர்கள். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அதே இடத்திலிருந்து எஸ்தருக்குப் போன் செய்தீர்கள்.

அவள் வேலையில் சேர்ந்த நாளன்று நீங்கள் கண் திறக்கவில்லை. நானும் அவளும் காங்கேயத்துக்கு வந்தபோது, உங்கள் மனைவி உங்கள் காதருகே குனிந்து, எஸ்தர் வந்திருக்கிறாள் என்று சொன்னார். கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கும் என்று உங்கள் மனைவி சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

நீங்கள் போன பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. எஸ்தர் ஒரு வருடம் வகுப்பெடுத்தாள். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்கு மாணவர்களைக் கூட்டிப்போய், வேலை விட்டு வரும் பெண்களோடு உட்காரவைத்துப் பேசச் சொன்னாள். அதைக் கேட்டு எத்தனை யூனிட்டுகளிலிருந்து மேலே போன் வந்ததோ. ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. பாடத்திட்டம் மாறுகிறது என்று காரணம் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்தேன், நேரில் போய்க் கேட்டேன், சண்டையும் போட்டேன். உங்கள் உடம்பு ஒரு கையெழுத்தை வாங்கியது. என்னிடம் அதுகூட இல்லை. எஸ்தர் புனேவுக்குப் போய்விட்டாள். அவள் பெற்றோர் இன்னும் வேலம்பாளையத்தில்தான் இருக்கிறார்கள். துறையின் பெயரிலிருந்து பொதுக் கொள்கையை எடுத்துவிட்டார்கள். என்னை எடுக்கவில்லை. தேர்வுக் குழுவில் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமே.

இன்றைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் நன்றாகவே பேசினார்கள். ஆனால் முன்பே முடிவாகியிருந்தது, அதே கோயம்புத்தூர்க்காரர்தான். மாதம் ஒருமுறை வந்தால் போதுமல்லவா என்று என்னிடமே கேட்டார், வெட்கமில்லாமல், சிரித்த முகத்தோடு. அவர் வெளியே போனதும் அறங்காவலர் கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் பக்கம் நகர்த்தினார்.

சார், எனக்கு மறுப்பு என்றால் குரல் உயரும். எங்கள் ஊரில் அப்படித்தான். அன்று இதே ஆளுக்காக அறங்காவலர் உங்கள் முன் நீட்டிய தாளை நீங்கள் எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். தாளைத் தொடவில்லை நீங்கள். அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னீர்கள், விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் வர முடியவில்லை என்று சொல்வது போல. அதற்குமேல் காரணம் சொல்லவில்லை, வாதாடவில்லை. அவரால் உங்களோடு சண்டைக்கு வரவும் முடியவில்லை, உங்களை அசைக்கவும் முடியவில்லை.

நான் பேனாவை மூடினேன். "இல்லீங்க" என்றேன்.

அவர் தாளை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். "சரிங்க மேடம். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உங்கள் ஊரில் மிரட்டுவதையும் மரியாதையாகத்தான் செய்கிறார்கள்.

நாளைக்கும் அதையேதான் சொல்வேன். அதன்பின் இங்கே எனக்கு ஒரு மேசையாவது மிஞ்சுமா என்பது சந்தேகம். எஸ்தர் திரும்பி வரப்போவதில்லை, துறையும் பிழைக்கப்போவதில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு சொல்தான் சார். வார்த்தை சரியாக வந்துவிட்டது. குரலும் உயரவில்லை.