தண்ணீர் இயந்திரம் வரும்வரை

எசன்,
21.04.1996

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் ஈஸ்டர் முடிந்த வாரம் கிடைத்தது. மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று வாசித்து ஆறுதலடைந்தேன். இங்கே நான் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம் என்று டாக்டர் சொல்கிறார். சின்னம்மாவின் மகளென்று பாராமல் சொந்தத் தங்கச்சியாகவே கொறற்றி அக்கா என்னைத் தன் வீட்டில் வைத்திருக்கிறார். காலையில் நான் சத்தி எடுக்கும் சத்தம் கேட்டால் கதவுக்கு வெளியே தேசிக்காய்த் தண்ணீர் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒன்றும் கேட்கமாட்டார். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெண் என்றால் பிறேமா. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆண் என்றால் கடலில் போன உங்கள் தம்பியின் பெயரை வைக்கவேண்டும், அது மாமியின் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் தாயின் ஆசையை நான் எப்படித் தட்டுவது? ஆனால் கொறற்றி அக்கா சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். "அடி விசரி, அல்பேர்ட் எண்டா இஞ்சை பென்சன் எடுத்த கிழவர். பெடியனைப் பள்ளிக்கூடத்துக்கு ஊண்டி நடக்கப் பொல்லும் குடுத்தல்லோ அனுப்போணும்" என்றார். அக்காவின் கணவர் பீலிக்ஸ் அண்ணை பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல், "பொல்லு நான் வாங்கித் தாறன், நீ பேரை விடாதை பிள்ளை" என்றார். யோசித்துச் சொல்கிறேன், அத்தான். இன்னும் காலம் இருக்கிறது.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருச்சியில் கலியாணத்தின்போது இரும்புச் சாமான் கடை என்று சொன்னது, மாமி பக்கத்தில் இருந்ததால். உண்மையில் அது துவக்குக் கடை, துப்பாக்கியும் ரவையும் விற்கிற இடம். இங்கே துவக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. கழகத்தில் கூடி, அட்டையில் உள்ள வட்டத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, பியர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சுடும்போது விழுகிற பித்தளைக் கோதுகள் வாளி வாளியாக எங்கள் கடைக்கு வரும். அவற்றைச் சுத்தமாக்கித் திரும்ப வெடிமருந்து நிரப்பி விற்பதுதான் முதலாளி வீலாண்டின் தொழில். சுத்தமாக்குவது நான், நிலக்கீழ் அறையில். முதல் நாள் வாளியைக் கவிழ்த்தபோது எழுந்த சத்தத்தில் மன்னாரில் எங்கள் தெரு ஞாபகம் வந்தது. இரண்டாம் வாரம் வரவில்லை. வராததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது உள்ளது உலர்ந்த முறையில் துலக்கும் இயந்திரம். நடுங்கும் ஒரு தொட்டி. அதற்குள் கோதுகளையும் அரைத்த வால்நட் ஓட்டுத் தூளையும் கொட்டிவிட்டால், அதிர்ந்து அதிர்ந்து பித்தளை மினுங்கும். பிறகு அரிதட்டில் போட்டு அரிக்கவேண்டும். அப்போது கரிய தூசி எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும். மூக்குச் சீறினால் கைலேஞ்சி கறுக்கிறது. அது வெறும் கரி என்றுதான் நினைத்திருந்தேன். நூலகத்தில் தொழில் நோய்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தற்செயலாகப் புரட்டினேன். துவக்கு மருந்தைப் பற்றவைக்கும் கலவையில் ஈயம் உண்டாம். சுட்ட கோதுக்குள் அது படிந்திருக்குமாம். கர்ப்பிணியின் இரத்தத்தில் சேரும் ஈயம் பிள்ளைக்கும் போகும் என்று ஒரு வசனம். புத்தகங்களில் உள்ள வசனங்கள் வழக்கமாக யாரோ ஒருவரைப் பற்றியவை. இது என் முகவரியை விசாரித்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

முதலாளியிடம் சொல்லலாம்தானே என்று கேட்பீர்கள். சொன்னால் மறுநாளே அந்த அறையிலிருந்து என்னை எடுத்துவிடுவார், சட்டம் அப்படி. ஆனால் கடையில் எனக்கு வேறு வேலை கிடையாது. என் ஒப்பந்தம் ஜூலைக் கடைசியில் தானாக முடிந்துவிடும். நிரந்தர ஒப்பந்தம் இல்லாமல் உங்களைக் கூப்பிடும் அன்ராக்கை, அதுதான் விண்ணப்பத்தை, கொண்டுவந்து பயனில்லை என்று வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண், எனக்குக் காது கேளாததுபோல, மிக மெதுவாகவும் சத்தமாகவும் சொன்னாள். அதனால் ஒப்பந்தம் கையில் வரும்வரை வாய் திறக்கமாட்டேன்.

ஒரு நல்ல செய்தி. முதலாளி தண்ணீரில் கழுவும் இயந்திரம் வாங்கப்போகிறார். உருளைக்குள் கோதுகளும் தண்ணீரும் சவர்க்காரமும் மெல்லிய உருக்கு ஊசிகளும் சேர்ந்து புரளும். அழுக்கு தண்ணீரோடு போய்விடும். தூசியே இல்லை. விலைப்பட்டியல்களை என் முன்னால் போட்டு, "அதோடு நிற்கப்போவது நீதானே, நீயே தெரிவு செய்" என்றார்.

தெரிவு செய்வதற்கு முன் பரீட்சை ஒன்றும் நடந்தது. உங்கள் ஊரில் பித்தளை எப்படித் துலக்குவீர்கள் என்று கேட்டார். மாதாவின் விளக்குத்தண்டுகளைப் புளி போட்டு மினுக்கியவள் அல்லவா நான்? கொறற்றி அக்காவின் புளியைக் கரைத்து ஒரு வாளி கோதுகளை ஊறப்போட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் பார்த்தால் கோதுகள் எல்லாம் ரோசாப்பூ நிறம். புளி பித்தளையைத் தின்று, செம்பை மேலே கொண்டுவந்துவிட்டது. முதலாளி ஒன்றை எடுத்துப் பார்த்து, "கலியாணத்துக்கு நல்லது, துவக்குக்கு ஆகாது" என்று குப்பையில் போட்டார்.

தெரிவுக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று, கல் மினுக்குகிறவர்களின் சின்ன இயந்திரம். இரண்டு உருளைகள், வட்டமானவை, கையால் தூக்கலாம். விற்கிறவர்களிடம் தயாராக இருக்கிறது, ஒரு வாரத்தில் வரும். மற்றது ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்விப்பது. அறுகோண உருளை, உள்ளே றப்பர். வட்ட உருளையில் கோதுகள் வழுக்கிக்கொண்டே இருக்கும். அறுகோணத்தில் மூலைக்கு மூலை ஏறி விழுந்து, ஒன்றையொன்று தேய்க்கும். ஒரு வாளி முழுவதும் ஒரே தடவையில் முடியும். ஆனால் வர ஏழெட்டு வாரமாகும்.

நாலைந்து நாள் யோசித்தேன். சின்னதை வாங்கினால் அது போதாமல் உலர் இயந்திரமும் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியது வந்தால் அதை அடியோடு நிறுத்திவிடலாம். ஆகவே அறுகோணத்தைச் சொன்னேன். முதலாளி என் தோளில் தட்டி, "வாசிக்கிற பெண்" என்றார். ஜூன் நடுவில் வந்துவிடும். அதுவரை மூக்கில் ஈரத்துணி கட்டுகிறேன்.

மாமிக்கு என் வணக்கம். வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் அன்பு மனைவி,
பற்றிமா

எசன்,
16.06.1996

அன்புள்ள அத்தான்,

நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. மெலிந்திருக்கிறீர்கள். சாப்பாட்டில் கவனமில்லை என்று மாமியைக் குறைசொல்ல முடியாது, உங்களைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தச் செய்தி. போன செவ்வாய்க்கிழமை ட்ராமில் வரும்போது, ஆழமில்லாத தண்ணீரில் மீன் வாலைத் திருப்புகிறதுபோல ஒன்று உள்ளே நடந்தது. இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன். திரும்பி நடந்து வரும்போது தீர்மானித்துவிட்டேன். அல்பேர்ட் என்றால் அல்பேர்ட்தான். பொல்லோடு போனாலும் பரவாயில்லை.

இயந்திரம் வரவில்லை. பட்டறையிலிருந்து மன்னிப்புக் கேட்டு வந்த கடிதத்தை முதலாளி வாசித்துக் காட்டினார். உருளைக்குள் ஒட்டும் றப்பர் கிடைக்கவில்லையாம், ஜூலை முதல் வாரம் ஆகுமாம். நல்ல சாமான் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும் என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். கல் மினுக்கும் சின்ன இயந்திரத்தையாவது அதுவரை வாங்கலாமா என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்காக ஒரு இயந்திரமா என்று சிரித்தார். மேலே வற்புறுத்தினால் காரணம் கேட்பார். கீழே போனேன்.

கோடை வந்துவிட்டதால் எல்லாக் கழகங்களிலும் போட்டிகள். வாளிகள் படிக்கட்டுவரை நிற்கின்றன. அரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். முகத்துத் துணியை இடையிடையே கழற்றிப் பார்ப்பேன்; மூக்கு இருந்த இடத்தில் கறுத்திருக்கும். துணியில் இருப்பது எனக்குள் போகவில்லை என்று ஒரு நேரம் நினைப்பேன். துணியிலேயே இவ்வளவு என்றால் என்று மறுநேரம் நினைப்பேன். வேலை உடுப்பு பெரியது, வயிறு தெரியாது. குனியும்போது மட்டும் கவனமாக இருக்கவேண்டும்.

கொறற்றி அக்காவுக்கு நான் சொல்லவில்லை. குளியலறையில் கறுத்த துணியைக் கண்டு தானாக விளங்கிக்கொண்டார். "உந்த வேலையை விட்டெறி. அவன் இன்னும் ஒரு வருசம் அங்கை இருந்தா செத்தே போயிடுவான்?" என்று கத்தினார். "அவர் வரேக்கை பிள்ளை எட்டு மாதத்திலை தவழுறதோ, ரெண்டு வயதிலை ஓடுறதோ எண்டதுதான் வித்தியாசம்" என்று பீலிக்ஸ் அண்ணையும் சொன்னார். இருவர் சொன்னதும் நியாயம். ஆனால் அலுவலகப் பெண் சொன்னது ஒரு வருடக் கணக்கல்ல, அத்தான். இந்த ஒப்பந்தம் போனால் வயிற்றோடோ கைப்பிள்ளையோடோ எனக்கு யார் புதிதாக ஒன்று தருவார்கள்? எனக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் கிடைப்பார் என்று இந்த நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கு நான் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மூன்று வாரம். மூன்று வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று இப்போது எழுதிவிட்டு, அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் வாசித்தால் நம்பலாம்போல இருக்கிறது.

உங்கள்,
பற்றிமா

எசன்,
14.07.1996

அன்புள்ள அத்தான்,

கொறற்றி அக்கா உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னதை நான் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. எழுத ஏலாது. அன்று நீங்கள் என்னோடு பேசக் கேட்டீர்களாம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது எழும்பி நடக்கிறேன், சாப்பிடுகிறேன். உடம்பைப் பற்றிப் பயப்படவேண்டாம்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கடையில் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. இப்படி யாருக்கும் நடக்கலாம், காரணம் தேடாதீர்கள் என்றார். நல்ல மனிதர். என்னுடைய அரைப் பதிலுக்கு அவரால் தரக்கூடிய மறுமொழி அதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். அதை நான் ஒருநாளும் அறியப்போவதில்லை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் இயந்திரம் வந்திருக்கிறது. வயிற்றுக் கோளாறு என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தேன். திரும்பிப் போனதும் முதலாளி கைபிடித்துக் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். விலைப்பட்டியலில் பார்த்தது போலவேதான் இருக்கிறது. அறுகோணம், உள்ளே கறுத்த றப்பர். சத்தம்கூடப் பெரிதில்லை, பக்கத்து வீட்டில் யாரோ அரிசி களைகிறதுபோல. ஓடி முடிந்ததும் அவர் மூடியைத் திறந்து தண்ணீரை ஊற்றினார். மையைப்போல கறுப்பாக வந்தது. அவ்வளவும் தண்ணீரில் போய்விட்டது. கோதுகள் பொன்னாக இருந்தன, உட்புறமும்கூட. "பார், உன் தெரிவு சரி" என்றார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

சரிதான், அத்தான். நல்லது எதுவோ அதைத்தான் தெரிவு செய்தேன். எது முதலில் வரும் என்று பார்த்திருக்கவேண்டும். அந்தச் சின்ன இயந்திரம் ஏப்ரலிலேயே வந்திருக்கும். போதாமல்தான் இருந்திருக்கும், ஆனால் பாதித் தூசிதானே? இரவில் படுத்தால் இந்தப் பாதியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாசிக்கிற பெண்ணாம்.

நேற்று முதலாளி நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார். பிரதி இத்துடன் இருக்கிறது, பத்திரமாக வையுங்கள். அலுவலகத்தில் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி எனக்கு நேரம் தந்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் வரலாம். கேட்டதில் ஒன்று கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சியாக எழுதவேண்டிய வசனம் இது. கை அப்படி எழுதவில்லை, கோபிக்காதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கொறற்றி அக்காவுக்கும் இது தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு வயதான கன்னியாஸ்திரி வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தார். ஆண்பிள்ளை என்று அவர்தான் சொன்னார். பிறகு, பெயர் ஏதாவது வைத்திருந்தீர்களா, செபத்தில் சொல்வதற்கு என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெயரை மிச்சம் பிடித்து, இனி ஒருவன் வந்தால் அவனுக்கு வைத்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது. அவர் அதை ஜெர்மன் முறையில் உச்சரித்தார். கொறற்றி அக்கா சொன்னதுபோல, வயதான ஒருவரின் பெயராகத்தான் கேட்டது.

உங்கள் தம்பியின் பெயரை உங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். மாமிக்குச் சொல்லவேண்டாம். இந்த மாதக் கடைசியில் அவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பீர்கள்தானே? அன்று சாமியார் அந்தப் பெயரை வாசிக்கும்போது மாமி வழக்கம்போலத் தன் மகனுக்காக அழட்டும். நீங்கள் மட்டும் பக்கத்தில் முழங்காலில் இருந்து அதைக் கவனமாகக் கேளுங்கள். ஒருமுறை வாசித்தால் போதும், இரண்டு பேருக்கும் போகும்.

பற்றிமா